ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்: மூச்சுக் கணக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன கேம்? இதில் ஆக்சிஜனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கனடாவின் வான்கூவரில் இருக்கும் க்ளெய் என்டர்டெயின்மென்ட் 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட கேம் இது. ஒரு விண்கல்லின் வயிற்றுக்குள் மூன்று பேர் கண் விழிக்கிறார்கள். கேமில் இவர்களுக்கு டூப்ளிகன்ட் என்று பெயர். விளையாடுபவர்கள் டூப் என்று சுருக்கிவிட்டார்கள். சுற்றிலும் மண்ணும் பாறையும். நடுவில் சின்னதாக ஒரு குகை, அதில் கொஞ்சம் காற்று. அந்தக் காற்று தீர்வதற்குள் அவர்களைப் பிழைக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

மற்ற கேம்களில் ஆக்சிஜன் என்பது திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே போகும் ஒரு கோடு. இங்கே வரைபடத்தின் ஒவ்வொரு சதுரக் கட்டத்திலும் என்ன வாயு, எத்தனை கிராம், எத்தனை டிகிரி என்று கேம் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நாமும் போடத் தொடங்கினால் ஆட்டம் கைக்குள் வந்துவிடும். கணக்குப் போடாமல் விளையாடியவர்கள் பெரும்பாலும் ஐம்பதாவது சைக்கிளிலிருந்து (கேமில் ஒரு நாள்) நூறாவது சைக்கிளுக்குள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே எண்கள் நிறையவே வரும்.

ஒரு டூப்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்?

நொடிக்கு 100 கிராம். கேமில் ஒரு நாள், அதாவது ஒரு சைக்கிள், 600 நொடி. ஆகவே ஓர் ஆளுக்கு ஒரு சைக்கிளுக்கு 60 கிலோ. இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

ஆள் எடுக்கும்போது குணங்களையும் பாருங்கள். ‘மவுத் பிரீத்தர்’ என்று போட்டிருந்தால் அவர் இரண்டு ஆள் காற்றை இழுப்பார். ‘டைவர்ஸ் லங்ஸ்’ உள்ளவருக்கு 75 கிராம் போதும். மற்ற திறமைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் மூன்று பேரில் மவுத் பிரீத்தரை நான் எடுப்பதே இல்லை.

தொடக்கத்தில் எதைக் கட்டுவது? டிஃப்யூசரா, டெரேரியமா?

டிஃப்யூசர்தான். ஆக்சிஜன் டிஃப்யூசர் நொடிக்கு 550 கிராம் பாசியைத் தின்று 500 கிராம் ஆக்சிஜன் தரும். ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும். மின்சாரம் 120 வாட். ஒரு டூப் சக்கரத்தில் ஓடினால் 400 வாட் வருகிறது, அதனால் தொடக்கத்தில் மின்சாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பாசி டெரேரியத்துக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் பலருக்கு அதன்மேல் ஆசை வரும். ஆனால் அது தருவது 40 கிராம்தான். ஓர் ஆளுக்கே இரண்டரை டெரேரியம் வேண்டும். அந்த இரண்டரையும் சேர்ந்து நொடிக்கு 750 கிராம் நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு, அதில் பெரும்பகுதியை அசுத்த நீராகக் கக்கும். பாட்டில் பாட்டிலாக அந்த நீரைக் காலி செய்வதற்கே ஓர் ஆளை ஒதுக்க வேண்டியிருக்கும். மின்சாரம் இழுக்க முடியாத ஒரு மூலையில் ஒன்றிரண்டு வைக்கலாம். ஊருக்கே அதை நம்பி இருக்க முடியாது.

பாசி எவ்வளவு நாளைக்கு வரும்?

மூன்று பேர் இருக்கும்போது டிஃப்யூசர் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓடினால் போதும். அதற்குச் சைக்கிளுக்கு 198 கிலோ பாசி செலவாகும். ஒரு டன் பாசி ஐந்து சைக்கிள் வரும். ஆள் எட்டாகிவிட்டால் அதே ஒரு டன் இரண்டு சைக்கிளைக்கூடத் தாண்டாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைத் தோண்டினாலும் கட்டத்தில் இருக்கும் எடையில் பாதிதான் கைக்கு வரும். வரைபடத்தில் தெரியும் பாசியை அப்படியே கணக்கில் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

இதே காரணத்தால் ஆக்சிலைட் பாறைகளைத் தோண்ட வேண்டாம். சுற்றியுள்ள அழுத்தம் கட்டத்துக்கு 1.8 கிலோவுக்குக் கீழே இருக்கும்வரை ஆக்சிலைட் தானாகவே ஆக்சிஜனைக் கசியவிடும். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டால் முழு எடையும் காற்றாகக் கிடைக்கும். தோண்டினால் பாதி போய்விடும்.

டூப்புகளை அச்சடித்துத் தரும் பிரின்டிங் பாட் என்ற இயந்திரம் மூன்று சைக்கிளுக்கு ஒருமுறை புது ஆளைக் காட்டும்போதெல்லாம் ‘எடுத்தே ஆக வேண்டும்’ என்று தோன்றும். அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. ஆளை மறுத்துவிடலாம், பட்டியலில் பாசி வந்தால் பாசியை வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் எலெக்ட்ரோலைசர் ஓடத் தொடங்கும்வரை ஆறு பேருக்கு மேல் போகாமல் இருப்பது என் வழக்கம்.

எலெக்ட்ரோலைசருக்கு எப்போது மாற வேண்டும்?

பாசி தீர்ந்த பிறகு என்று நினைக்காதீர்கள். பாசி இன்னும் இருபது சைக்கிளுக்கு வரும் என்ற நிலையிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய், வாயுக் குழாய், மின்கம்பி, தானியங்கிக் கம்பி என எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சியும் முடிந்திருக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்று தவறாகத்தான் போகும். அதைத் திருத்தும்வரை மூச்சு விட பாசி கையிருப்பில் இருக்க வேண்டும்.

எலெக்ட்ரோலைசர் நொடிக்கு ஒரு கிலோ தண்ணீரை எடுத்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு மூச்சு. இந்த 888, 112 என்ற எண்கள் கேமுக்காக இட்டுக்கட்டியவை அல்ல. தண்ணீரின் மூலக்கூறு எடை 18. அதில் 16 பங்கு ஆக்சிஜன், 2 பங்கு ஹைட்ரஜன். 16-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே விகிதம்தான் வரும். பள்ளியில் பேட்டரியும் இரண்டு பென்சில் முனையும் வைத்துச் செய்து காட்டும் மின்னாற்பகுப்புதான் இது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஆக்சிஜனை முக்கியமாக இப்படித் தண்ணீரைப் பிரித்துத்தான் எடுக்கிறார்கள். எனக்கு இந்த கேம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலெக்ட்ரோலைசர் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்த கேமிலேயே அழகான கணக்கு இது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஹைட்ரஜன் ஜெனரேட்டர் நொடிக்கு 100 கிராம் ஹைட்ரஜனை எரித்து 800 வாட் தரும். ஓர் எலெக்ட்ரோலைசரின் 112 கிராமை முழுதாக எரித்தால் 896 வாட். இது வரவு.

செலவுக்கு வருவோம். எலெக்ட்ரோலைசருக்கு 120 வாட். வெளியே வரும் வாயுவை உறிஞ்ச பம்ப் வேண்டும். ஒரு வாயு பம்ப் நொடிக்கு 500 கிராம் இழுக்கும், 240 வாட் எடுக்கும். மொத்த வாயு ஒரு கிலோ என்பதால் சராசரியாக இரண்டு பம்ப் ஓடும் அளவுக்குச் செலவு, அதாவது 480 வாட். இரண்டையும் கூட்டினால் 600 வாட். 896-இல் 600 போக, இன்னும் கிட்டத்தட்ட 300 வாட் கையில் நிற்கிறது.

கட்டும்போது பம்ப் மூன்றாக வைக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறிவிடும். ஆகவே மூடிய அறையின் உச்சியில் ஹைட்ரஜன் பம்ப், அடியில் ஆக்சிஜன் பம்புகள், நடுவில் எலெக்ட்ரோலைசர். வாயு ஃபில்டர் போட வேண்டாம், அது தனியாக 120 வாட் தின்னும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பம்பின் அருகிலும் ஓர் அழுத்த சென்சாரை வைத்து, கட்டத்தில் 500 கிராமுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் பம்ப் ஓடும்படி செய்யுங்கள். ஹைட்ரஜன் பம்புக்கு மட்டும் கூடவே ஒரு வாயு வகை சென்சார் இருப்பது நல்லது. ஹைட்ரஜன் குழாயில் ஆக்சிஜன் கலந்து போனால் ஜெனரேட்டர் பழுதாகும்.

ஸ்மார்ட் பேட்டரியை மறந்துவிடாதீர்கள். சாதாரண பேட்டரி போட்டால், அது நிறைந்த பிறகும் ஜெனரேட்டர் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு ஒரு தானியங்கிக் கம்பி இழுத்தால், தேவைப்படும்போது மட்டும் எரியும். 600 வாட்டுக்கு 75 கிராம் போதும், மீதி 37 கிராம் மிச்சமாகும். இந்த மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம் என்பது சூடு பற்றிய கேள்வியில் வருகிறது.

அப்புறம், முதல் தடவை ஓட்டிவிட வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஓடும் சக்கரம் ஒன்றைத் தற்காலிகமாக இணைத்து, ஹைட்ரஜன் வரத் தொடங்கியதும் கழற்றிவிடலாம். நான் கழற்றுவதில்லை. என்றாவது தண்ணீர் நின்று இந்த அறை முழுதும் அணைந்துபோனால் மறுபடி உயிர்ப்பிக்க அதுதான் ஒரே வழி.

என் எலெக்ட்ரோலைசர் நின்று நின்று ஓடுகிறது. ஏன்?

பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். அதைச் சுற்றி 1.8 கிலோவுக்கு மேல் வாயு சேர்ந்தால் நின்றுவிடும். பம்புகள் இழுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இழுக்காவிட்டால் குழாயின் மறுமுனையைப் பாருங்கள். வென்ட் (குழாயிலிருந்து வாயுவை வெளியே விடும் வாய்) இருக்கும் அறையில் கட்டத்துக்கு 2 கிலோ நிறைந்துவிட்டால் வென்ட் மூடிக்கொள்ளும், குழாய் நிரம்பும், பம்ப் நிற்கும், கடைசியில் எலெக்ட்ரோலைசரும் நிற்கும். இப்படி நின்றால் நல்லதுதான், ஊரில் காற்று போதுமான அளவு இருக்கிறது என்று பொருள்.

ஹைட்ரஜன் பக்கம் அடைத்து நின்றால்தான் ஆபத்து. ஜெனரேட்டருக்கு வேலை இல்லாமல் ஹைட்ரஜன் தேங்கி, அறையின் மேல் பாதியை நிரப்பி, எலெக்ட்ரோலைசர் வரை இறங்கிவிடும். ஊரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். மிஞ்சும் ஹைட்ரஜனுக்கு ஒரு சேமிப்புத் தொட்டியோ வேறு ஒரு செலவோ கட்டாயம் வையுங்கள்.

ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆனால் பயிர் எல்லாம் வாடுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. எலெக்ட்ரோலைசரிலிருந்து வாயு குறைந்தது 70 டிகிரியில் வெளியே வரும். நீங்கள் 20 டிகிரித் தண்ணீர் ஊற்றினாலும் 70 டிகிரிதான். மீல்வுட் 30 டிகிரிக்கு மேல் வளராது, பிரிசில் பிளாசமும் அப்படியே.

என் இரண்டாவது குடியிருப்பு இப்படித்தான் அழிந்தது. எலெக்ட்ரோலைசரை ஊர் நடுவே திறந்தவெளியில் வைத்திருந்தேன். முப்பது சைக்கிள் எல்லாம் அருமையாக ஓடியது. காற்றின் அளவை நிறத்தில் காட்டும் ஆக்சிஜன் ஓவர்லேயை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்ப்பேன், எங்கும் நல்ல நீலமாக இருக்கும். வெப்பநிலை ஓவர்லேயை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தோட்டம் 31 டிகிரியைத் தொட்ட நாளில் மீல்வுட் மொத்தமும் ஒன்றாக நின்றுபோனது. கையிருப்பில் இருந்த உணவு ஆறு சைக்கிளுக்கு வந்தது. ஏழு பேரும் சுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டே பட்டினியால் போனார்கள். அன்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதன் பிறகு ஆக்சிஜனுக்கு எஃப்1-ஐ அழுத்தினால் அடுத்து வெப்பநிலைக்கு எஃப்3-ஐயும் அழுத்துவது கைப்பழக்கமாகிவிட்டது.

சூட்டை எப்படிக் குறைப்பது? எலெக்ட்ரோலைசர் அறையைச் சுற்றி வெப்பத்தடுப்புச் சுவர் கட்டி, ஊரைவிட்டுத் தள்ளி வையுங்கள். ஆக்சிஜனைக் குழாயில் ஏற்றிக் குளிர்ப்பகுதி வழியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி இருக்கும் அந்தப் பகுதிகளில் சில வரைபடங்களில் ஆன்டி என்ட்ரோபி தெர்மோ நல்லிஃபையர் என்ற பழைய இயந்திரம் ஒன்று புதைந்து கிடக்கும். அது நொடிக்கு 10 கிராம் ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டு 80 கிலோ டிடியூ (கேமின் வெப்ப அலகு) வெப்பத்தை இல்லாமலே ஆக்கிவிடும். ஓர் எலெக்ட்ரோலைசரின் 888 கிராம் ஆக்சிஜனை 70-இலிருந்து 25 டிகிரிக்கு இறக்கத் தேவைப்படுவது சுமார் 40 கிலோ டிடியூ. முன்பு மிச்சம் பிடித்த 37 கிராம் ஹைட்ரஜனில் பத்தை இங்கே கொடுத்தால் போதும். ஆக்சிஜன், மின்சாரம், குளிர்ச்சி மூன்றுமே ஒரே தண்ணீரிலிருந்து வந்துவிடுகின்றன.

நல்லிஃபையர் கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள வாயுவைக் குளிரவைக்கும் வீஸ்வர்ட் செடிகளை நடலாம். அதற்குப் பாஸ்போரைட் உரம் போட வேண்டும். பிளாஸ்டிக்கும் எஃகும் கைக்கு வந்த பிறகு குழாயில் ஓடும் திரவத்தைக் குளிரவைக்கும் அக்வாட்யூனரும் நீராவி டர்பைனும் கட்டிவிட்டால் சூட்டுக் கவலை முடிந்தது.

அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

ஒன்பது பேருக்குச் சைக்கிளுக்கு 600 கிலோ தண்ணீர் மூச்சுக்கு மட்டுமே போகும். தொடக்கக் குளங்கள் தாங்காது. நிரந்தரமாகத் தண்ணீர் தரும் ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். கூல் ஸ்டீம் வென்ட் என்றால் 110 டிகிரி நீராவியாக வரும், வாட்டர் கீசர் என்றால் 95 டிகிரித் தண்ணீராக வரும். அந்தச் சுடுதண்ணீரை ஆறவைக்காமல் அப்படியே எலெக்ட்ரோலைசருக்கு விடலாம். வாயுவும் அதே சூட்டில் வரும் என்றாலும், தண்ணீரைக் குளிரவைப்பதைவிட ஆக்சிஜனைக் குளிரவைப்பது நாலு மடங்கு எளிது. ஆக்சிஜன் சுமக்கும் வெப்பம் அவ்வளவு குறைவு.

ஊற்றுகள் வருடம் முழுக்கப் பாயாது. கொஞ்ச காலம் பாய்ந்து, கொஞ்ச காலம் உறங்கும். ஆராய்ச்சித் திறன் உள்ள டூப்பை விட்டு ஆய்வு செய்தால் எத்தனை சைக்கிள் உறக்கம் என்று தெரியும். அதற்கேற்ற அளவுக்குத் தொட்டி கட்டுங்கள்.

கழிவறையையும் கணக்கில் சேருங்கள். குழாய்க் கழிவறை 5 கிலோ நல்ல நீர் எடுத்து 11.7 கிலோ அசுத்த நீர் தரும். வாட்டர் சீவ் வழியாக மணல் சேர்த்து வடிகட்டினால் ஒரு தடவைக்கு 6.7 கிலோ லாபம். ஓர் ஆளின் மூச்சுக்குச் சைக்கிளுக்கு 67.6 கிலோ தண்ணீர் வேண்டும். ஆக, ஒவ்வொருவரும் தங்கள் மூச்சில் பத்தில் ஒரு பங்கைத் தாங்களே சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

மேல் மாடியில் காற்று இருக்கிறது, கீழே வேலை செய்பவர்கள் மட்டும் திணறுகிறார்கள். ஏன்?

கீழே கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது. ஒவ்வொரு டூப்பும் நொடிக்கு 2 கிராம் வெளியேற்றுவார். கேமில் வழக்கமாக இருக்கும் வாயுக்களில் எடை கூடியது என்பதால் அது அடியில் போய்ப் படியும். ஒரு கட்டத்தில் ஒரு வாயுதான் இருக்க முடியும் என்பது இந்த கேமின் விதி. அதனால் கார்பன் டை ஆக்சைடு நின்ற இடத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லை. நிலக்கரி ஜெனரேட்டர் ஒன்று 20 கிராம் கக்கும், அது பத்துப் பேர் மூச்சுக்குச் சமம். ஜெனரேட்டரை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள்.

ஊருக்கு அடியில் ஒரு பள்ளம் தோண்டிவிடுவதே எளிய தீர்வு. கார்பன் டை ஆக்சைடு அங்கே போய்ச் சேரும். அந்தப் பள்ளத்திலேயே உணவைச் சேமித்தால் சீக்கிரம் கெடாது. பள்ளம் நிறைந்தால் கார்பன் ஸ்கிம்மர் வையுங்கள், அது நொடிக்கு 300 கிராம் உறிஞ்சும். மாடிகளுக்கு நடுவே காற்றோட்டத் தளங்களைப் போட்டால் வாயு தடையில்லாமல் ஏறி இறங்கும். முழுக்க மூடிய தளம் போட்டுவிட்டு ஆக்சிஜன் கீழே வரவில்லை என்று தவிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அசுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கலாமா?

சுவாசிக்கலாம். அதனால் யாரும் சாக மாட்டார்கள். ஸ்லைம் பகுதியிலிருந்து வரும் அசுத்த ஆக்சிஜனில் ஸ்லைம்லங் கிருமி இருக்கும் என்பதே கவலை. டியோடரைசர் 100 கிராம் அசுத்த ஆக்சிஜனையும் 133 கிராம் மணலையும் எடுத்து 90 கிராம் நல்ல ஆக்சிஜன் தரும், கூடவே களிமண்ணும் கிடைக்கும். மின்சாரம் வெறும் 5 வாட். ஸ்லைம் பகுதிக்கு ஒரு நுழைவாயில் வைத்து, அங்கே நாலைந்து டியோடரைசர்களை வரிசையாக நிறுத்திவிட்டால் அது இலவச ஆக்சிஜன் மாதிரிதான். மணல் கையிருப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருவிலிருந்து ஆக்சிஜன் எடுப்பது லாபமா?

துருப் பகுதி உள்ள வரைபடத்தில் லாபம்தான். ரஸ்ட் டீஆக்சிடைசர் 750 கிராம் துருவும் 250 கிராம் உப்பும் எடுத்து 570 கிராம் ஆக்சிஜனும் 400 கிராம் இரும்புத் தாதுவும் தரும். 60 வாட் போதும். நொடிக்கு 30 கிராம் குளோரின் வரும், அதைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

அழுத்தம் கூடினால் நல்லதுதானே?

இல்லை. 4 கிலோவைத் தாண்டினால் டூப்புகளுக்குக் காது அடைத்து மன அழுத்தம் ஏறும். சாதாரண வென்ட் 2 கிலோவில் தானாக நின்றுவிடும் என்பதால் ஊருக்குள் அதையே போடுங்கள். 20 கிலோ வரை தள்ளும் உயர் அழுத்த வென்ட்டைச் சேமிப்பு அறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அட்மோ சூட் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்?

அட்மோ சூட் என்பது ஆக்சிஜன் தொட்டியோடு வரும் பாதுகாப்பு உடை. அதன் தொட்டி 75 கிலோ. நொடிக்கு 100 கிராம் என்றால் 750 நொடி, ஒன்றேகால் சைக்கிள். தூரமாகச் சுரங்கம் தோண்டுபவர்களுக்குப் போகும் நேரம், வரும் நேரம் இரண்டும் இதற்குள் அடங்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சூட் வைக்கும் டாக்குகள் ஒவ்வொன்றும் குழாயிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேமித்துக்கொள்ளும். பத்து டாக்கை ஒரே நாளில் கட்டினால் அவை நிரம்பும்வரை ஊருக்குப் போகும் குழாய் வறண்டுவிடும். டாக்குகளை இரண்டிரண்டாகக் கட்டுங்கள். முடிந்தால் அவற்றுக்கென்று ஆக்சிஜன் அறையிலிருந்து தனிக் குழாய் இழுங்கள்.

எல்லாம் கைமீறிவிட்டது, டூப்புகள் மூச்சுத் திணறுகிறார்கள். இப்போது என்ன செய்ய?

முதலில் ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்திய நிலையிலும் கட்டளைகள் கொடுக்கலாம். தோண்டும் வேலை எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள், தூரம் போனவர்கள் திரும்பட்டும். எஃப்1 ஓவர்லேயில் ஆக்சிஜன் எங்கே மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மேல் மாடியிலோ, இன்னும் திறக்காத ஏதாவது குகையிலோ இருக்கலாம். அந்தச் சுவரில் ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டால் சில நிமிட மூச்சு கிடைக்கும். பழைய டிஃப்யூசரை இடிக்காமல் வைத்திருந்தால் கையிருப்புப் பாசியை அதில் போடச் சொல்லி, முன்னுரிமையை உச்சத்துக்கு ஏற்றுங்கள். சக்கரத்தில் ஓட ஒருவர் போதும், மற்றவர்கள் மேல் தளத்தில் நிற்கட்டும். அங்கேதான் கார்பன் டை ஆக்சைடு கடைசியாக வந்து சேரும்.